தேங்க்ஸ்கிவிங்: வியாழன் விருந்தும் ஞாயிறே தொடங்கும் வேலையும்

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்கள், முதல் முறை விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள், முதல் முறை முழு வான்கோழி வாங்கிவிட்டு விழிப்பவர்கள், ஊரிலிருந்தபடி 'அது என்ன பண்டிகை?' என்று பிள்ளைகளிடம் கேட்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

தேங்க்ஸ்கிவிங் என்றால் என்ன?

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை உறவும் நட்பும் ஒரே மேசையில் கூடி, வயிறு முட்டச் சாப்பிடும் நாள். சாமி படம் கிடையாது, புத்தாடை கிடையாது, பரிசுப் பொருள் கிடையாது, பட்டாசும் கிடையாது. சாப்பாடுதான் பண்டிகை. தமிழில் 'நன்றி நவிலும் நாள்', 'நன்றியறிதல் நாள்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாருக்கும் தேங்க்ஸ்கிவிங்தான்.

பிள்ளைகள் வேறு வேறு மாநிலங்களில் வேலை பார்க்கும் நாட்டில், அவர்கள் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேரும் நாள் என்றால் இதுதான். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின இரவு கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் இருக்கும் நெரிசல், அங்கே முந்தைய நாள் புதன்கிழமை விமான நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் இருக்கும். திரும்பும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பயணம் போகிறவர்கள் இந்த இரண்டு நாட்களைத் தவிர்த்தால் டிக்கெட் விலையும் குறையும், மனமும் அமைதியாக இருக்கும்.

தேதி ஏன் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது?

கிழமைதான் நிலையானது, தேதி அல்ல. 22 முதல் 28 வரை எதுவாகவும் வரலாம். 2026இல் நவம்பர் 26, 2027இல் 25, 2028இல் 23. சில நவம்பர்களில் ஐந்து வியாழன் வரும். அப்போது 'கடைசி வியாழன்' என்று நினைத்து டிக்கெட் போட்டவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போய் இறங்குவார்கள்.

அந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறே உண்டு. 1939 வரை கடைசி வியாழன்தான் வழக்கம். அந்த ஆண்டு கடைசி வியாழன் நவம்பர் 30 ஆக விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மீதி மறுத்தன, சில மாநிலங்கள் இரண்டு நாளும் விடுமுறை விட்டன. 'ஃபிராங்க்ஸ்கிவிங்' என்று கேலிப் பெயரும் வந்தது. 1941 டிசம்பரில் நான்காவது வியாழன் என்று சட்டமானதும்தான் சண்டை ஓய்ந்தது.

இதை 'அமெரிக்கப் பொங்கல்' என்று சொல்லலாமா?

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரே வரியில் புரியவைக்க உதவும். ஆனால் பாதிதான் சரி. பொங்கலில் நன்றி யாருக்கு என்பது தெளிவு: சூரியனுக்கு, மாட்டுக்கு, மண்ணுக்கு. புதுநெல் வந்த கையோடு பானை ஏறுகிறது. தேங்க்ஸ்கிவிங்கின் வேரும் அறுவடைதான். ஆனால் நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் வடகிழக்கில் அறுவடை முடிந்து நாளாகியிருக்கும், வயல் வெறுமையாகக் கிடக்கும். நன்றி யாருக்கு என்பதும் அவரவர் விருப்பம். சிலர் கடவுளுக்குச் சொல்வார்கள், சிலர் சமைத்தவருக்கு. இப்போதைய நிலையில் அது அறுவடைத் திருநாள் என்பதைவிட வீடு திரும்பும் திருநாள்.

1621இல் உண்மையில் என்ன நடந்தது?

பள்ளிப் பாடக் கதை இது: கப்பலில் வந்த ஆங்கிலேயர் பசியில் வாடினார்கள், பூர்வகுடிகள் சோளம் பயிரிடச் சொல்லிக்கொடுத்தார்கள், நன்றாக விளைந்தது, இருவரும் சேர்ந்து விருந்துண்டார்கள், அதுவே முதல் தேங்க்ஸ்கிவிங். நடந்தது இதைவிடச் சிக்கலானது.

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் அவர்கள் குடியேறிய இடம், பட்டக்செட் என்ற ஊர் இருந்த இடம். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்திருந்தது. சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவான்டம் அந்த ஊர்க்காரர். 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றிருந்தான். இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பியபோது அவருடைய மக்கள் யாரும் உயிரோடு இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது எப்படி என்பதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை.

விருந்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே நேரில் கண்டு எழுதப்பட்டதாகக் கிடைப்பது எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய ஒரு கடிதத்தின் சில வரிகள்தான். அறுவடை முடிந்ததும் நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள். அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 ஆட்களோடு வந்தார். மூன்று நாள் விருந்து நடந்தது. அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவே. குடியேறிகளில் எஞ்சியவர்கள் ஐம்பது பேர் அளவில். அவர்களில் மணமான பெண்கள் நான்கே பேர். விருந்தாளிகள் வீட்டாரைப் போல் இரண்டு மடங்கு. அடுப்படியில் நின்றவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கடிதம் எழுதவில்லை.

வான்கோழி இருந்திருக்கலாம், ஆனால் கடிதத்தில் அதன் பெயர் இல்லை, 'பறவைகள்' என்றுதான் இருக்கிறது. உருளைக்கிழங்கு இல்லை. மாவுக் கிண்ணத்தில் பூசணிக் கலவையை ஊற்றிச் சுடும் 'பூசணி பை' (pie) செய்யக் கோதுமை மாவும் வெண்ணெயும் இல்லை. க்ரான்பெரி என்ற புளிப்புப் பழத்தில் செய்யும் சாஸுக்குச் சர்க்கரை இல்லை. முக்கியமாக, அவர்கள் அதைத் தேங்க்ஸ்கிவிங் என்று அழைக்கவும் இல்லை. பியூரிட்டன்கள் எனப்படும் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரான அவர்களுக்கு அந்தச் சொல் தேவாலயத்தில் கூடித் தொழும் நாளைக் குறித்தது.

அப்படியானால் பண்டிகையாக ஆனது எப்போது?

பண்டிகை தனியாக வளர்ந்தது, 1621 கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் ஆண்டுதோறும் நன்றி நாள் அறிவிக்கும் வழக்கம் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஐ நாடு முழுமைக்கும் அறிவித்தார். தாமஸ் ஜெஃபர்சன், அரசு இப்படி மத நாள் அறிவிப்பதே தவறு என்று மறுத்துவிட்டார்.

இன்றைய வடிவத்துக்கு ஒருவரைக் கைகாட்ட வேண்டுமானால் அது சாரா ஜோசஃபா ஹேல். நம் ஊர் நர்சரிப் பள்ளிகளிலும் ஒலிக்கும் 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' பாட்டை எழுதியவர், ஒரு பெண்கள் இதழின் ஆசிரியர். நாடு முழுவதற்கும் ஒரே நாள் வேண்டும் என்று பல ஆண்டுகள் தலையங்கம் எழுதி, ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1863 செப்டம்பரில் ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அக்டோபர் 3 அன்று லிங்கன், நவம்பர் கடைசி வியாழனை அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிளிமத்தும் இல்லை, மேஃபிளவரும் இல்லை. 1841இல் வின்ஸ்லோவின் கடிதத்தைப் பதிப்பித்த அலெக்சாண்டர் யங், இதுவே முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தார். அந்த அடிக்குறிப்புதான் மெல்ல மெல்லப் பாடப்புத்தகம் ஆனது.

பூர்வகுடிகள் இந்த நாளை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஒரே பதில் இல்லை. விடுமுறைதானே என்று வீட்டில் கூடிச் சாப்பிடுகிறவர்கள் பலர். துக்க நாளாக அனுசரிப்பவர்களும் உண்டு. காரணம், விருந்துக்குப் பிறகு நடந்தவை. 1637இல் ஆங்கிலேயக் குடியேறிகள் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் என்ற பூர்வகுடி மக்களின் ஊரைக் கொளுத்தி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். 1675இல் தொடங்கிய போரில் எதிரே நின்றவர் விருந்துக்கு வந்த அதே மாசசாய்டின் மகன் மெட்டகாம். 1676இல் அவரைக் கொன்று, தலையைக் கழியில் செருகிப் பிளிமத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். தந்தை உண்ட ஊர்தான் அது.

1970இல் மேஃபிளவர் வந்த 350ஆம் ஆண்டு விழாவில் பேச, வாம்பனோவாக் இனத்தவரான வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸை அழைத்தார்கள். அவர் எழுதிவைத்த உரையைப் படித்துப் பார்த்த ஏற்பாட்டாளர்கள், அதைப் பேசக்கூடாது என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தின் கோல்ஸ் ஹில் குன்றில் கூட்டம் கூட்டினார். தேசியத் துக்க நாள் என்ற பெயரில் அது ஆண்டுதோறும் அங்கே தொடர்கிறது. கலந்துகொள்கிறவர்களில் பலர் அன்று உண்ணாநோன்பு இருப்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அல்கட்ராஸ் தீவில் விடியற்காலையில் கூடுகிறார்கள்.

பிள்ளைகளைக் காகித இறகுக் கிரீடம் அணிவித்து நடிக்கவைக்கும் பழக்கம் பள்ளிகளில் குறைந்துவருகிறது. நல்லதுதான். அந்த நீண்ட இறகுக் கிரீடம் நாட்டின் நடுவே உள்ள சமவெளி மக்களுடையது, வாம்பனோவாக் மக்களுடையதே அல்ல. வேட்டியும் சட்டையும் போட்டு பஞ்சாபி வேஷம் என்று சொல்வது போல.

இது கிறிஸ்தவப் பண்டிகையா? நாங்கள் கொண்டாடலாமா?

வேரில் கிறிஸ்தவமும் உண்டு, இன்றைய நடைமுறை பொது. இந்துக்கள், முஸ்லிம்கள், யூதர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் போன்ற சிலர் கொண்டாடுவதில்லை. சாப்பிடும் முன் சில வீடுகளில் ஜெபம் சொல்வார்கள். அப்போது கைகோத்துத் தலை குனிந்து நின்றால் போதும்.

ஏன் வான்கோழி?

நடைமுறைக் காரணம். பசு பால் தரும், கோழி முட்டையிடும், அவற்றை அடிக்க மனம் வராது. வான்கோழியை இறைச்சிக்காகவே வளர்த்தார்கள். ஒன்றை அடித்தால் ஒரு கூட்டமே சாப்பிடலாம். மயிலைப் பார்த்து ஆடியதாக நாம் ஏளனம் செய்யும் இந்தப் பறவை அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கியின் பெயர். துருக்கி மொழியிலோ அதற்கு 'ஹிந்தி', அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. யாருக்கும் அதன் சொந்த ஊர் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

எத்தனை பவுண்டு வாங்குவது?

ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு. எலும்பும் சேர்த்த கணக்கு இது. பத்துப் பேருக்கு 12 முதல் 14 பவுண்டு, அதாவது ஐந்தரை முதல் ஆறரை கிலோ போதும். 20 பவுண்டுக்கு மேல் ஒன்று வாங்குவதைவிட 12 பவுண்டில் இரண்டு வாங்குங்கள். பெரியது சீராக வேகாது, நம் சமையலறைத் தட்டிலும் அடங்காது. வாங்கும் முன் ஓவனின் உட்புற அளவைப் பாருங்கள்.

உறையில் 'உப்புக்கரைசல் சேர்க்கப்பட்டது' என்று சதவீதத்தோடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே உப்பேறிய பறவை. நீங்களும் உப்புத் தடவினால் வாயில் வைக்க முடியாது.

உறைந்த வான்கோழியை எப்போது வெளியே எடுப்பது?

தேங்க்ஸ்கிவிங் விருந்து கெடுவது பெரும்பாலும் வியாழக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான். அன்று ஃப்ரீசரிலிருந்து எடுக்காமல் விட்டவர்கள் வியாழன் காலை கல்லோடு மல்லுக்கட்டுவார்கள்.

ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றியபின் ஒவ்வொரு நான்கு ஐந்து பவுண்டுக்கும் ஒரு முழு நாள். 14 பவுண்டுக்கு மூன்று நாளுக்கு மேல். உப்புத் தடவி ஊறவைக்கும் நாளையும் சேர்த்தால் சனிக்கிழமை இரவே எடுத்துவிடுவது நல்லது. விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உருகும் நீர் தயிரிலும் கொத்தமல்லியிலும் சொட்டக்கூடாது.

சமையல்மேடையில் இரவு முழுக்க விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே மேல்தோல் அறைவெப்பத்துக்கு வந்து, கிருமி பெருக ஆரம்பித்துவிடும்.

புதன்கிழமைதான் நினைவு வந்தது என்றால் குளிர்நீர் வழி உண்டு. கசியாத உறையோடு குளிர்ந்த நீரில் முழுக்க அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு, ஆக 14 பவுண்டுக்கு ஏழு மணி நேரம். வெந்நீர் வேண்டாம். இப்படி உருகியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

வியாழன் காலையும் கல்லாகவே இருக்கிறதா? அப்படியே ஓவனில் வைக்கலாம், ஆபத்தில்லை. நேரம் மட்டும் குறைந்தது ஒன்றரை மடங்காகும். உள்ளே கழுத்தும் ஈரலும் கொண்ட சிறு பொட்டலம் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இளகியதும் இடுக்கியால் இழுத்து எடுத்துவிடுங்கள். உருகியதைச் சமைக்கும்போதும் இந்தப் பொட்டலத்தை மறக்கவேண்டாம். ஒன்று வயிற்றுக்குள் இருக்கும், சிலவற்றில் கழுத்துத் தோலுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும்.

கழுவி, மஞ்சள் தடவி வைக்கலாமா?

நம் கை அதற்குத்தான் போகும். ஆனால் இவ்வளவு பெரிய பறவையைத் தொட்டியில் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களில் எல்லாம் படும். கிருமி சாவது வெப்பத்தில், நீரில் அல்ல. காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பிறகு உப்பு. பரல் பெரிதான கோஷர் உப்பு என்றால் ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி. தூள் உப்பு என்றால் அதில் பாதி, ஏனென்றால் அது கரண்டியில் நெருக்கமாக அடங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கரிக்கவிட்டவர்கள் ஏராளம். உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒன்று இரண்டு நாள் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு சேர்ந்து உள்ளே இறங்கும். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பாக வரும்.

மசாலா தடவிச் சுடலாமா?

தாராளமாக. ஆனால் தந்தூரிக் கோழிக்குப் போடுவதுபோல் தயிரும் மிளகாய்த்தூளும் மேலே அப்பினால், மூன்று மணி நேர ஓவனில் மேல்பூச்சு கருகிக் கசந்துவிடும். மசாலா இறைச்சிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகவும் போகாது, உள்ளே போவது உப்பு மட்டுமே. ஆகவே நெஞ்சுப்பகுதித் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே விரலை விட்டுத் தளர்த்தி, வெண்ணெயில் குழைத்த இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லித்தூள் கலவையை அங்கே பரப்புங்கள். மேலே வெறும் எண்ணெய். நெஞ்சு பொன்னிறமானதும் அலுமினியத் தாளால் அந்த இடத்தை மட்டும் மூடுங்கள்.

எவ்வளவு நேரம் சுடுவது? வெந்ததா என்று எப்படித் தெரியும்?

325 டிகிரி பாரன்ஹீட்டில், உள்ளே எதுவும் திணிக்காத 12–14 பவுண்டு பறவைக்கு 3 முதல் 3¾ மணி நேரம். நான்கு மணிக்கு விருந்து என்றால் பதினொன்றரைக்கு உள்ளே போகட்டும்.

நேரத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உட்பக்கம், இறக்கையின் உட்பக்கம் மூன்றிலும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் காட்ட வேண்டும். முனை எலும்பில் பட்டால் தப்பான அளவு காட்டும், சற்று இழுத்து மறுபடி குத்துங்கள். பறவையோடு வரும் பிளாஸ்டிக் குமிழ் எழும்பும்வரை காத்திருந்தால் நெஞ்சு பெரும்பாலும் வறண்டிருக்கும்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் சாறு இறைச்சியிலேயே நிற்கும். அந்த அரை மணிதான் க்ரேவிக்கான நேரம்: தட்டில் வடிந்த கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி, மைதா இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாடை போகும்வரை வறுத்து, ஒரு கப் சூடான சாறைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும்.

எண்ணெயில் முழுசாகப் பொரிக்கிறார்களே?

ருசி அபாரம், ஆபத்தும் அப்படியே. உள்ளே துளி பனிக்கட்டி இருந்தாலும் கொதிக்கும் எண்ணெயில் நீர் ஆவியாகி, ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேல் விரியும். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும், தீப்பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் இப்படி வீடுகள் எரிகின்றன. பொரித்தே தீருவேன் என்றால், முழுக்க உருகி உலர்ந்த பறவை, வீட்டை விட்டுத் தள்ளிய திறந்தவெளி, அடுப்பை அணைத்துவிட்டு மெல்ல இறக்குவது ஆகிய மூன்றும் கட்டாயம். கார் நிறுத்தும் கூரையடியிலும் மரத்தாழ்வாரத்திலும் வேண்டாம்.

பக்க உணவுகளில் எது எளிது, எது சறுக்கும்?

க்ரான்பெரி சாஸ் மிக எளிது. 12 அவுன்ஸ் பை ஒன்று, சர்க்கரை ஒரு கப், நீர் ஒரு கப். கொதித்தபின் பத்து நிமிடம். பழங்கள் பட்பட்டென்று வெடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றறைகள் இருக்கின்றன. அடுப்பில் தண்ணியாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், ஆறினால் தானே இறுகும். இறுகும்வரை காய்ச்சினால் மறுநாள் கத்தி வேண்டும். ஒரு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் வெல்லமும் போட்டால் ஏறக்குறைய நம் இனிப்பு ஊறுகாய்.

உருளைக்கிழங்கு மசியலை மிக்சியில் போடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசையாகிவிடும், திருத்த வழியே இல்லை. கையால் மசியுங்கள். பூசணி பை நடுவில் வெடித்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். ஓரம் இறுகி, நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் அந்த மேசையில் எதைச் சாப்பிடலாம்?

பார்க்கச் சைவமாகத் தெரிபவற்றில்தான் கவனம் தேவை. க்ரேவி வான்கோழிச் சாறு. ஸ்டஃபிங் எனப்படும் ரொட்டிக் கலவை, தனிப் பாத்திரத்தில் செய்திருந்தாலும் கோழிச்சாறு ஊற்றியதாக இருக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோ, விலங்கெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். தென்மாநிலங்களில் பீன்ஸோடு பன்றி இறைச்சித் துண்டு சேரும். பூசணி பையின் மாவில் சிலர் பன்றிக்கொழுப்பு பயன்படுத்துவார்கள், பூசணிக் கலவையில் முட்டை உண்டு. க்ரான்பெரி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி இவையே பெரும்பாலும் பாதுகாப்பு. அழைப்பு வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் சமைத்தவருக்குத்தான் சங்கடம்.

அழைத்திருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது?

'என்ன கொண்டுவரட்டும்' என்று முதலில் கேளுங்கள். உணவு கொண்டுபோனால் அங்கே போய் ஓவன் கேட்காத உணவாக இருக்கட்டும். அன்று ஓவன் வான்கோழிக்குப் பட்டா போட்டது. எலுமிச்சைச் சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், காரம் குறைத்த காய்கறி பிரியாணி எல்லாம் ஆறினாலும் நன்றாக இருக்கும். கேசரி கொண்டுபோனால் பாத்திரம் காலியாகித்தான் திரும்பும்.

விருந்து பெரும்பாலும் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துக்குள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், முன்னதாகப் போகாதீர்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இரண்டு வாக்கியம் போதும். 'இந்த ஊரில் முதல் குளிர்காலத்தில் எனக்குக் கோட்டு கொடுத்தவருக்கு' என்பதுபோல் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டால் திணற வேண்டாம். சாப்பிட்டபின் பாத்திரம் கழுவ எழுந்தால் மதிப்பு கூடும்.

ஊர்வலம், கால்பந்து, மன்னிப்பு பெறும் வான்கோழி?

நியூயார்க்கில் மேசிஸ் கடையின் ஊர்வலம் 1924இல் தொடங்கியது. ராட்சத பலூன்கள் 1927இல் வந்தன. அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் 1934 முதலும், டல்லஸ் கவ்பாய்ஸ் 1966 முதலும் இந்த நாளில் ஆடுவது மரபு. அதிபர் ஒரு வான்கோழிக்கு உயிர்ப்பிச்சை தருவது 1989இல் ஜார்ஜ் புஷ் காலத்தில் முறையான சடங்கானது. மற்ற வான்கோழிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

'கறுப்பு வெள்ளி' என்பது கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த பெயரா?

இல்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், கடைகளில் கூட்டம் குவியும் வெள்ளிக்கிழமைதான் கறுப்பு வெள்ளி. நஷ்டத்தைச் சிவப்பு மையிலும் லாபத்தைக் கறுப்பு மையிலும் எழுதுவார்கள், அன்றுதான் கடைகள் லாபத்துக்கு வரும் என்ற விளக்கம் பிற்பாடு ஒட்டப்பட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை நகரத்தில் குவிந்த கூட்டத்தாலும் வாகன நெரிசலாலும் நொந்துபோன பிலடெல்ஃபியா போலீஸார், 1950, 60களில் எரிச்சலோடு வைத்த பெயர் அது.

வேறு நாடுகளில் உண்டா?

கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கள். 1957 முதல் அந்த நாள். அங்கே உண்மையிலேயே அறுவடைக் காலத்தை ஒட்டி வருகிறது. லைபீரியாவில் நவம்பர் முதல் வியாழன். அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறிய கறுப்பினத்தவர்கள் கொண்டுசென்றது. தென்தமிழகத்துத் தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையும் அசன விருந்தும் இதற்குத் தூரத்து உறவு. முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். வாழைத்தாருக்கும் சேவலுக்கும் போட்டி போட்டு ஏலம் ஏறும்.

சாப்பிட்டதும் தூக்கம் வருவது வான்கோழியாலா?

இல்லை. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குற்றம் சொல்வார்கள். அது கோழியிலும் அதே அளவுதான். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் நமக்கு வரும் தூக்கமே இதுவும். அளவுதான் காரணம்.

மிச்சத்தை என்ன செய்வது?

ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். முழுசாக வைக்காமல் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பினால் சீக்கிரம் குளிரும். மூன்று நான்கு நாள் தாங்கும். பிரியாணி செய்வதானால் தொடை இறைச்சியை எடுங்கள், நெஞ்சு சக்கையாகிவிடும். ஏற்கெனவே வெந்தது என்பதால் மசாலாவோடு கொதிக்கவிடாமல், தம் போடும்போது அரிசி அடுக்குகளுக்கு நடுவே வையுங்கள். எலும்புக்கூட்டை உடைத்து, வெங்காயம், மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, மூழ்க நீர் ஊற்றி மூன்று மணி நேரம் சிறுதீயில் வைத்தால் சளிக்கு இதமான ரசம் கிடைக்கும். திங்கட்கிழமையும் டப்பாவில் இறைச்சி மிச்சமிருந்தால் அன்று இரவுக்குள் ஃப்ரீசர், இல்லையென்றால் குப்பைத்தொட்டி.